பெட்டிக்கும் ஒரு பங்கு

சிறுசேரி ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரே காபிக் கடைச் சீருடையில் இரண்டு பெண்கள். சின்னவள் ஆரம்பித்தாள்.

"டிப்ஸுல அந்தப் பெட்டிக்கும் ஒரு பங்காம்க்கா."

"எந்தப் பெட்டிடி?"

"ஃபோன்ல காசு போட்டா, வந்துச்சுன்னு கவுண்டர்ல கத்துமே, அதான். மாச வாடகை கட்டணுமாம். ஓனருக்கு ஒண்ணு, மேனேஜருக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு."

"கால் கடுக்க நிக்கிறது நாம. மேனேஜரு இன்னா பண்றாராம்?"

"பெட்டி கத்துதான்னு பாத்துகினு கீறாரு."

படூரில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. பெரியவள் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"சரி வுடு. நாளைக்கு நாம கவுண்டர்ல குந்திகினு கத்துவோம். காபிய பெட்டி போடட்டும்."