வண்டியூர் தளம்

– மொதல்ல கால தலகாணி மேல தூக்கி வைங்க. அப்புறம் கேளுங்க.

– சாரத்துல இருந்து விழுந்து காலுதான ஒடிஞ்சிருக்கு சோணை, காது நல்லாத்தான் இருக்கு. வண்டியூர் தளம் முடிஞ்சுச்சா?

– முடிஞ்சுச்சு.

– நடுவுல நிக்காமயா? நின்னா அந்த இடத்துல ஒட்டு விழும், மழைக்கு ஒழுகும். இந்த ராஜபாண்டி மேஸ்திரி போட்ட தளம் இன்னவரைக்கும் ஒண்ணு ஒழுகுனதில்ல.

– காலையிலயே நின்னுருக்கும். உங்கள மாதிரியே மேல ஏறி, இடுப்புல கைய வச்சுக் கத்துனேன். தங்கப்பொண்ணு கலவைச் சட்டிய கீழ வச்சுட்டா.

– என்னவாம் அவளுக்கு?

– "மேஸ்திரி கத்துனா கேப்போம். நேத்து வரைக்கும் எங்ககூட சட்டி தூக்குனவ நீ, நீ கத்துனாலும் கேக்கணுமாக்கும்"ன்னா.

– நானா இருந்தா அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

– அனுப்பிட்டு சட்டிய யாரு வாங்குறது? கீழ இறங்கி அவ பக்கத்துலயே வரிசையில நின்னேன். வேகத்த நீயே வையின்னேன். அப்புறம் பாக்கணுமே அவ கைய. எழுமலையில இருந்து வந்த புதுப்புள்ளைக ரெண்டுக்கும் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தேன். மிக்சர்ல அருள்பாண்டி அண்ணன்கிட்ட மட்டும் வாயே தொறக்கல. அவருக்குத் தெரியாத கலவையா?

– நான் எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தான் போடுவேன். சரி, மழை வந்துச்சே, அப்பயும் கூட நின்னு சொல்லிக் குடுத்தியாக்கும்?

– அப்ப ஏது நேரம்? இன்னும் ஒரு மூலை பாக்கி. மேல ஏறி உங்கள மாதிரியேதான் கத்துனேன். ஒருத்தி மொணங்கல. தங்கப்பொண்ணுதான் மொதல்ல ஓடுனா. அம்புட்டையும் போட்டு மூடிட்டுத்தான் இறங்குனோம். பெருமைக்குச் சொல்லல, எனக்கே என்னைய நம்ப முடியல.

– வடக்கு மூலையில தார்ப்பாய் பறந்துச்சே, அத எட்டிப் புடிச்சதும் அவதான?

– தார்ப்பாய் பறந்தத நான் சொல்லவே இல்லையே. ஏங்க, மாவுக்கட்டுல ஏன் இம்புட்டு சேறு?

– மனசு கேக்கல. மத்தியானமே ஆட்டோ புடிச்சு வந்து, எதுத்தாப்புல டீக்கடை ஓரமா வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். மழை வரவும் பதறிப்போயி கால கீழ வச்சுட்டேன். அப்பத்தான் உன் சத்தம் கேட்டுச்சு.

– அப்புறம் ஏன் வரல?

– திரும்ப வண்டியில ஏறிட்டேன். "அங்க மேல நிக்கிற அந்தம்மா யாருண்ணே"ன்னு ஆட்டோக்காரத் தம்பி கேட்டுச்சு. எங்க மேஸ்திரின்னு சொன்னேன்.