சாஜ் பற்றறியும் அம்மனின் பாம்பும்

வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போகையில், படகில் எனக்கு முன்னால் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் மடியில் ஒரு பழைய ரோச் லைற்.

"உங்கடை கண்டுபிடிப்பு என்னைப் பாம்புக்குக் குடுக்கப் பாத்தது" என்றார் அந்த அம்மா.

"சாஜ் பண்ணுற பற்றறி எண்டால் ஒருக்கா வாங்கினாக் காணும். எறியத் தேவையில்லை."

"அது இந்த ரோச்சுக்கு அளவில்லையே?"

"ஒல்லியெண்டுதானே கலண்டர் கடதாசி சுத்தி இறுக்கினனான்."

"ஓம், ராகு காலத்தையும் சேர்த்துச் சுத்தினனீங்கள்."

"ஆனால் சூரியன் மாதிரி எரிஞ்சதே!"

"எரிஞ்சதுதான். பால் கறக்கப் போன நான் கொட்டிலுக்குள்ளை கால் வைக்க முதல் பல்ப் கருகிப் போச்சு. காலடியிலை நாகம் சீறுது."

"பற்றறிக்குப் பலம் கூடிப் போச்சு. அதுதான் புதுப் பல்ப் போட்டிருக்கிறன்."

"பற்றறி?"

"அதே பற்றறிதான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"பயப்பிடாதையும். அம்மன் காப்பாத்துவா."

"அவவை நம்பித்தான் வாறன். ஆனால் நாகத்தை நகையாப் பூண்டிருக்கிற அம்மனெல்லோ, அந்தப் பாம்பும் அவவின்ரைதான். உங்கடை ரோச்சை நம்பிப் போற என்ரை பக்கம் நிப்பாவோ, தன்ரை பாம்பின்ரை பக்கம் நிப்பாவோ?"

கோபுரம் தெரிந்தது. எல்லோரும் கைகூப்பினோம். அவர் மட்டும் ரோச்சைத் திறந்து, பற்றறியை வெளியே எடுத்து, கடதாசியை உரித்துக்கொண்டிருந்தார்.