ராஃபத்தோட கையெழுத்து

இல்லக்கா, சுடாது, பயப்படாதீங்க. சக்கரையும் எலுமிச்சம்பழமும்தான், வேற ஒண்ணும் கலக்கல. எங்க எகிப்துல இந்தப் பாக, ஹலாவாம்போம், போட்டு முடிய இழுக்காம ஒரு பொண்ணையும் மணமேடைல உக்கார வைக்க மாட்டாங்க. கால நீட்டுங்க. அட, கால்ல ஒரு முடிகூட இல்லியே. சரி, கையக் காட்டுங்க. தோல இழுத்துப் புடிச்சுக்குங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது.

என்ன சுத்திச் சுத்திப் பாக்கறீங்க? கடை இல்லக்கா, நாங்க படுக்கற ரூம்தான். கட்டில ஓரமாத் தள்ளி வச்சிருக்கேன். சாயங்காலம் அவர் வர்றதுக்குள்ள திரும்ப இழுத்துப் போட்டுடுவேன். ஜன்னலத் தொறந்து விட்டா பாகு வாசனை போயிடும். ஆமா, அவருக்குத் தெரியாது.

லைசென்ஸா? அந்தக் கதைய ஏன் கேக்கறீங்க. ஷார்ஜாவுக்கு வந்ததிலேர்ந்து அதுக்குத்தான் அலையறேன். ஒருத்தர்கிட்ட கைகட்டி வேலை பாக்கணும்னு கேக்கல. சொந்தமா, கல்யாண வீட்டுக்குப் போய் பொண்ண அலங்காரம் பண்ணிட்டு வந்துடுவேன். டைப்பிங் சென்டர்ல மனுவெல்லாம் அடிச்சுக் குடுத்துட்டாங்க. ஆனா நான் புருஷன் விசாவுல இருக்கறவ இல்லியா. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவர் ஒரு கையெழுத்துப் போடணும். அதுலதான் நிக்குது.

போட மாட்டேன்னு ராஃபத் ஒரு நாளும் சொன்னதில்லக்கா. சொல்லிட்டா சண்டையாவது போடலாம். பாக்கலாம், இன்ஷா அல்லாம்பார். நீ இந்த வீட்டு ராணி, ஊரார் காலப் புடிச்சுச் சக்கர தடவணும்னு உனக்கென்ன தலையெழுத்தும்பார். எல்லாம் சிரிச்சுக்கிட்டேதான். மறுநாள் எங்க ஊரு ரவை இனிப்பு, பஸ்பூஸா வாங்கிட்டு வந்து வாயில ஊட்டி விடுவார்.

சரி, என்ன ஊருக்காவது அனுப்பிடுங்கன்னேன். எங்க ஊரு ஸகாஸிக்ல என் தங்கச்சி அலங்காரக் கடை வச்சிருக்கா. எனக்குன்னு ஒரு நாற்காலிய யாரையும் உக்கார விடாம வச்சிருக்கா. அதுக்கும் இன்ஷா அல்லாதான். பாஸ்போர்ட் எங்கன்னா, ஆபீஸ் அலமாரில பத்திரமா இருக்குங்கறார். அவர் அண்ணன் அபுதாபிலேர்ந்து சமாதானம் பண்ண வந்தார். எல்லார் முன்னாடியும் ராஃபத் என் உச்சந்தலைல முத்தம் குடுத்தார். மாஷா அல்லான்னு எல்லாரும் கை தட்டினாங்க. நானே எல்லாருக்கும் டீ போட்டேன். பாஸ்போர்ட் மட்டும் வரல. அன்னிக்குப் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

போலீசுக்கா? போய் என்னன்னு சொல்ல? அடிச்சாரான்னு கேப்பாங்க. இல்ல. பட்டினி போட்டாரான்னு கேப்பாங்க. பஸ்பூஸா ஊட்டுறார்னா சொல்ல முடியும்?

அடுத்த கை குடுங்க. ஆமா, நீங்க என்ன விலையே கேக்கல? எங்கிட்ட வர்றவங்க பேரம் முடியாம செருப்பக்கூட கழட்ட மாட்டாங்க. கைப்பைய ஏன் அவ்வளவு தூரத்துல வச்சிட்டீங்க, பக்கத்துல இழுத்துக்குங்க. உங்க ஆபீஸ் அட்டைய எடுக்கணும்ல.

பதறாதீங்கக்கா, உக்காருங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன். லைசென்ஸ் இல்லாம தொழில் பண்ணினா ஊருக்கே ஏத்தி விட்டுடுவாங்களாமே? கீழ்வீட்டுல தையல் தச்சுக்கிட்டிருந்தவள அப்படித்தான் அனுப்பினாங்க. அரசாங்க ஆளுங்க கேட்டதும் அவ புருஷன் பாஸ்போர்ட்டத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். நான் பால்கனிலேர்ந்து பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்கு மட்டும் புருஷன் கையெழுத்து வேணாம் பாருங்க.

நல்லாப் படம் எடுத்துக்குங்க. பாகுச் சட்டி அடுப்பு மேல இருக்கு, அதையும் எடுங்க. ரெண்டாவது மாடில ஒருத்தி திருட்டுத்தனமா ஹலாவா போடறா, ஆம்பளைங்கள உள்ள விட மாட்டா, பொம்பள ஆளா அனுப்புங்கன்னு உங்க ஆபீசுக்கு போன் பண்ணினது நான்தான்.