ஓடக்கூடாத குதிரை

பழைய தாளுக்குத் தண்ணீர் ஆகாது. என் அறையில் தீயணைக்க ஏன் வாயு வைத்தேன் என்று நீங்கள் எல்லோரும் மாறி மாறிக் கேட்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீ தின்றது போக மீதியைத் தண்ணீர் தின்றுவிடும். வாயு அப்படியல்ல. அறையிலுள்ள காற்றை விரட்டிவிடும், தீ தானாக அடங்கும். ஒரு பக்கம்கூட நனையாது.

நான் காப்பகம் என்று சொல்வதை என் மனைவி மாடி ரூம் என்பாள். கதவில் பலகை இருக்கிறது: 'ஆரம்பகாலக் கணினி இதழ்கள் ஆவணக் காப்பகம்'. நிறுவனர், தலைவர், செயலாளர் மூன்றும் நானே. "கல்யாண ஆல்பம் பரண்ல கெடக்கு. இதுங்க ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் சட்டை மாட்டி வச்சிருக்காரு" என்று வருகிறவர்களிடம் அவள் சொல்வதுண்டு. நான் பொருட்படுத்துவதில்லை. பெரிய காரியங்களுக்கு வீட்டுக்குள் மரியாதை கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தக் காலத்தில் கணினி விளையாட்டு கடையில் கிடைக்காது. அதன் நிரலை இதழில் அச்சிட்டிருப்பார்கள், வாசகரே உட்கார்ந்து கணினியில் வரிவரியாகத் தட்டவேண்டும். ஒரு கால்புள்ளி பிசகினாலும் ஓடாது. அப்படி ஒரு பத்திரிகையின் முதல் இதழில் ஒரு குதிரை இருந்தது. திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு அது ஓடவேண்டும். ஓடவில்லை. அச்சில் ஒரு வரி தப்பு. பள்ளிக்கூடப் பையனாக அதை எத்தனை முறை தட்டியிருப்பேன். "மூளைன்னு ஒண்ணு இருந்தா ஓடியிருக்கும்" என்று அப்பா விருந்தாளிகள் முன்னால் சொன்னார். அடுத்த மாதம் இதழ் வருத்தம் தெரிவித்தது. அப்பா தெரிவிக்கவில்லை.

அந்த முதல் இதழ் பிறகு மறுபதிப்பு கண்டது. அதே அட்டை, அதே தேதி, அந்த வரி மட்டும் திருத்தம். ஆகவே தப்பு இருந்தால் அசல். சரியாக இருந்தால் நகல். அசலின் கடைசிப் பிரதி என்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதை ஆதாரம் காட்டி இன்னொன்றும் நானே எழுதினேன். சின்ன வயதில் வைத்திருந்தது தொலைந்துபோய், இதைப் பிற்பாடு உறையோடு வாங்கினேன்; பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தால் மதிப்புக் குறையும்.

பேராசிரியர் ஒருவர் நிருபரோடு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் குதிரையை ஓடவிட்டு, அது ஓடாமல் நிற்பதைக் காட்டுவதாகத் திட்டம். உரையும் தயாராக இருந்தது. அதற்கு முந்தின நாள் பழைய கணினியில் நிரலைத் தட்டிவைக்க மச்சினனைக் கூப்பிட்டேன். என் மனைவியின் தம்பி, பல் மருத்துவன். நிதானமான கை. உறையை அவனே பிரித்தான்.

"மாமா, குதிரை ஓடுது."

"ஓடாது. பார்த்து அடிச்சியா?"

"பார்த்து அடிச்சதாலதான் ஓடுது. வந்து பாருங்க, என்னமா பறக்குது!"

பார்த்தேன். இடமிருந்து வலம். மறுபடியும் இடமிருந்து வலம். அச்சிட்ட வரியையும் பார்த்தேன். சரியாக இருந்தது.

அவன் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நாற்காலியில் மடங்கி மடங்கிச் சிரித்தான்.

"பல்செட்டைச் சொந்தப் பல்லுன்னு சொல்லிட்டு என்கிட்டயே எத்தனை பேர் வாயைத் திறக்கிறாங்க தெரியுமா? நான் யாரையும் காட்டிக் குடுத்ததில்ல. ப்ரொபசர்கிட்ட மூச்சு விடமாட்டேன், கவலைப்படாதீங்க."

"நல்லது மாப்ளே."

"ஆனா அக்காகிட்ட மட்டும் சொல்லாம இருக்க முடியாது மாமா. சட்டை மாட்டின கதைக்கு இதுதான் க்ளைமாக்ஸ்."

அப்போது கணினியின் பின்பக்கத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகள் சூடானால் அப்படி வரும். தீ என்று சொல்லமுடியாது. தீயே இல்லை என்றும் சொல்லமுடியாது.

டீ கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்து தாழிட்டேன். பொத்தான் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. பொருத்திக் கொடுத்தவர் இரண்டு விதிகள் சொல்லியிருந்தார்: உள்ளே ஆள் இருந்தால் அமுக்கக்கூடாது, அமுக்கியபின் கதவைத் திறக்கக்கூடாது. இரண்டில் ஒன்றையாவது நான் கடைப்பிடித்தேன்.

"மாமா, சிரிச்சதுக்கா? சரி, அக்காகிட்டயும் சொல்லல. திறங்க."

கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். மரம் அதிர்ந்தது. பிறகு குறைவாக அதிர்ந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

வாயு தானாகத் திறந்துகொண்டது, நான் கீழே இருந்தேன் என்று முன்பு சொன்னது பொய். நீங்கள் கைப்பற்றிய பொருள்களை வைக்கும் கிடங்கில் சுவர் ஓதமடிக்கிறது. உங்கள் காவலர் ஒருவர் என் இதழின்மேல் டீ தம்ளரை வைத்ததை நானே பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதை உலர்ந்த அலமாரிக்கு மாற்றுவதாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டேன்.

மீதி கொஞ்சம்தான். வெளித்தாழ்வாரத்துப் பக்கம் போய் வெளிப்பக்கம் தாழிட்டிருந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று மாறியதும் உள்ளே போனேன். அவன் கதவோரம் கிடந்தான். மேசைமேல் இதழ் விரித்தபடி இருந்தது, ஓரம்கூட மடங்கவில்லை. திரையில் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். தையல்காரரிடம் போயிருந்த மனைவி திரும்பிவந்து கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"தம்பி சாப்பிட்டானா? வரச் சொல்லுங்க."

"வரான்" என்றேன்.

அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து, சின்ன வயதில் மனப்பாடமான விதத்தில், தப்பாக மாற்றித் தட்டினேன். ஓடவிட்டேன். பிழை என்றது திரை. அந்தக் காலத்துக் கணினிகள் நிரலைச் சேமிக்கும் கேசட்டில் அதைப் பதிந்துவைத்துவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

கேசட் உங்களிடம்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் போட்டுப் பாருங்கள். குதிரை ஓடாது. என்னிடமிருப்பது அசல்தான்.