எல்லாம் அந்த ஆக்ஷன் செய்த வேலை

ராஸ்கோ: செத்துப்போச்சா?

வெண்டல்: தெரியலயே... கண்ணு திறந்துதான் இருக்கு.

ராஸ்கோ: எனக்கும்தான் திறந்திருக்கு. குச்சியால தொட்டுப் பாரு.

வெண்டல்: நீ தொடு.

ராஸ்கோ: சுட்டவன் நீ. வேட்டைச் சீட்டு குலுக்கல்ல விழுந்தது உன் பேருக்கு. எல்க் மானும் உன்னோடது. தொடு.

வெண்டல்: ...செத்துதான் போச்சு.

ராஸ்கோ: நிச்சயமா?

வெண்டல்: நெஞ்சுக்கு நேரா ஓட்டை விழுந்திருக்குடா. இதுக்கு மேல எப்படிச் சாகும்?

ராஸ்கோ: சே!

வெண்டல்: என்னது?

ராஸ்கோ: இல்ல... சே, என்ன ஒரு குறின்னு சொல்ல வந்தேன்.

வெண்டல்: ம்.

ராஸ்கோ: வாழ்த்துகள், வெண்டல்.

வெண்டல்: நன்றி.

ராஸ்கோ: அப்புறம் ஏன் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கறே? முந்நூறு கஜம். ஒரே குண்டு. இந்தப் பள்ளத்தாக்குல இப்படிக் கொம்பு விரிஞ்ச ஒண்ணை நான் பாத்ததில்ல.

வெண்டல்: குருட்டு அதிர்ஷ்டம்.

ராஸ்கோ: அதிர்ஷ்டமா! எல்லாம் அந்த ஆக்ஷன்டா. உன் துப்பாக்கியோட புது ஆக்ஷன்!

வெண்டல்: ஆக்ஷன்... ஆமா... இருக்கும்.

ராஸ்கோ: என்ன இருக்கும்? நல்லா இருந்த துப்பாக்கியப் பிரிச்சு, தோட்டா போய் உக்கார்ற நடுப்பாகத்தை மட்டும் தனியாச் சொல்லிக் கடைஞ்சு வாங்கி மாட்டினியே! வீட்டு பாய்லர் ஒழுகுது, மாத்துங்கன்னு லோர்னா கேட்டதுக்கு...

வெண்டல்: என் பொண்டாட்டிய எதுக்கு இழுக்கறே?

ராஸ்கோ: ஞாயித்துக்கிழமை பாதிரியாரைக்கூட விடல. எவ்வளவு வழவழன்னு ஓடுது பாருங்கன்னு போல்ட்டை இழுத்து இழுத்துக் காட்டினே.

வெண்டல்: அவர்தான் கேட்டாரு.

ராஸ்கோ: ஞானஸ்நானத்துக்கு நடுவுலயா?

வெண்டல்: இதோ பாரு. கடையில வாங்கின துப்பாக்கி, மணல் மூட்டை மேல வச்சுச் சுட்டா எல்லாக் குண்டையும் ஒரு அங்குலத்துக்குள்ள போடும். இது அரை அங்குலத்துக்குள்ள போடும். இந்தக் கொம்பனோட நெஞ்சு லாரி ஸ்டியரிங் அளவு இருக்கு. இதுல அரை அங்குலம் எந்த மூலைக்கு? வேட்டைக்கு இந்த ஆக்ஷனெல்லாம் தேவையே இல்ல.

ராஸ்கோ: இரு, இரு... இது நான் பேசற பேச்சாச்சே!

வெண்டல்: நீ பேசறது சரிதான்.

ராஸ்கோ: என்ன சொன்னே?

வெண்டல்: நீ சொன்னது சரின்னேன்.

ராஸ்கோ: நாப்பது வருஷ சிநேகத்துல இந்த வார்த்தை உன் வாயில வந்ததே இல்ல. உக்காரு. தண்ணி குடி.

வெண்டல்: உனக்கு மட்டும் என்ன ஆச்சு? பணக்காரன் வீட்டுத் தாழ்ப்பாள்னு இதுக்குப் பேரு வச்சவன் நீ. இன்னிக்கு என்னடான்னா ஒரே புகழ்ச்சியா இருக்கு.

ராஸ்கோ: தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கணும்.

வெண்டல்: நீயா?

ராஸ்கோ: எல்லாத்துக்கும் ஒரு முதல் தடவை இருக்குல்ல.

வெண்டல்: எங்கயோ இடிக்குது, ராஸ்கோ. அந்தப் பாறை தெரியுதா, வெள்ளையா... அதை ஒரு தடவை சுட்டுப் பாத்துடறேன்.

ராஸ்கோ: வேண்டாம்!

வெண்டல்: ஏன் கத்தறே?

ராஸ்கோ: தோட்டா வீணாகும்.

வெண்டல்: என் தோட்டாதானே.

ராஸ்கோ: சத்தம் கேட்டுக் கரடி வரும்.

வெண்டல்: சத்தத்துக்குக் கரடி ஓடும்டா.

ராஸ்கோ: இங்க இருக்கறது எப்படிப்பட்ட கரடியோ! துப்பாக்கிய மரத்துல சாய்ச்சு வையி. குறி பாக்கற ஸ்கோப் மூடியை நோண்டாதே. வெயில் ஏறுது, கறி கெட்டுப் போகும். கத்தியை எடு.

வெண்டல்: எடுக்கறேன். நீ அந்தக் கட்டையில உக்காரு.

ராஸ்கோ: நான் ஏன் உக்காரணும்? நீ உக்காரு.

வெண்டல்: நான் உரிச்சு, துண்டு போட்டு, மேல வண்டி வரைக்கும் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயிடறேன். நீ ஃபிளாஸ்க்ல இருக்கற காப்பிய ஊத்து.

ராஸ்கோ: நீ தூக்குவியா? போன வாரம் தபால் பெட்டிக்கு நடந்து போனே, உன் இடுப்பு கிறீச்சிட்டது எங்க வீட்டுக்குக் கேட்டுது.

வெண்டல்: அது என் செருப்பு.

ராஸ்கோ: துப்பாக்கிக்குப் புது ஆக்ஷன், உனக்குப் புது இடுப்பு. ரெண்டுமே கடைஞ்சு மாட்டினது. ஒண்ணுதான் ஒழுங்கா ஓடுது.

வெண்டல்: உனக்கும்தான் என்னமோ மாட்டியிருக்கு.

ராஸ்கோ: எனக்கு என்ன மாட்டியிருக்கு?

வெண்டல்: ஒண்ணுமில்ல.

ராஸ்கோ: மேவிஸ் ஏதாவது உளறினாளா?

வெண்டல்: உன் பொண்டாட்டி ஏன் என்கிட்ட உளறணும்? நான் உன்னைப் பாத்தா, அவளைப் பாக்கவே மாட்டேன்.

ராஸ்கோ: இது என்ன பதில்?

வெண்டல்: ஒண்ணு பண்ணலாம்... வேண்டாம், விடு.

ராஸ்கோ: சொல்லேன்.

வெண்டல்: பெர்னீஸ் சுமைக்கு வாடகைக்கு விடற கோவேறு கழுதைங்க...

ராஸ்கோ: கழுதையா! அதெல்லாம் கலிஃபோர்னியால இருந்து புதுச் சட்டை போட்டுட்டு வர்றவனுக்கு. கறியத் தோள்ல சுமந்து மேல ஏறாதவன் மொன்டானாக்காரனா? இது யாரு சொன்னது?

வெண்டல்: நான்தான் சொன்னேன். குடிச்சிருந்தேன்.

ராஸ்கோ: கழுதைய அனுப்புன்னு அவகிட்ட நீ வாயைத் திறந்தா போதும். சாயங்காலத்துக்குள்ள சாப்பாட்டுக் கடை பூரா நம்ம கதைதான். ரெண்டு கிழவனையும் சேத்துக் கழுதை சுமந்துச்சுன்னு சொல்லுவா.

வெண்டல்: சொல்லிட்டுப் போறா.

ராஸ்கோ: முடியாது. தள்ளு. இந்தப் பின்னங்காலை நான் பிடிச்சுக்கறேன், நீ அந்தப் பக்கம் அறு.

வெண்டல்: விடு, ராஸ்கோ.

ராஸ்கோ: பனியில சிக்கின லாரியையே தனியாத் தள்ளினவன் நான். இதென்ன... ஹ்... ஒரு தொடை...

வெண்டல்: காலைக் கீழ போடு.

ராஸ்கோ: ஒண்ணுமில்ல... லேசா... மூச்சு...

வெண்டல்: கீழ போடுடா மடையா! அதுக்குத்தானே புல்லைப் பாத்துச் சுட்டேன்!

ராஸ்கோ: ஹ்... ஹ்...

வெண்டல்: உக்காரு. மூச்சை நல்லா இழு. மாத்திரை எந்தப் பையில இருக்கு?

ராஸ்கோ: சட்டைப் பையில... வேண்டாம், சரியாயிடுச்சு... நீ என்ன சொன்னே?

வெண்டல்: ஒண்ணும் சொல்லலயே.

ராஸ்கோ: புல்லைப் பாத்துச் சுட்டியா?

வெண்டல்: இந்தா, காப்பி.

ராஸ்கோ: வெண்டல்.

வெண்டல்: ...இதோட வயித்துக்குக் கீழ, ஒரு ஜாண் தள்ளி. காத்து இல்ல, கை நடுங்கல. வேணும்னேதான். புழுதி கிளம்பும், கொம்பன் ஓடும், தாழ்ப்பாள் காசெல்லாம் தண்டம்னு நீ ஊர் பூரா சொல்லிச் சிரிப்பே, கூடாரத்துக்குப் போய் மேவிஸ் குடுத்த ஹக்கிள்பெர்ரிப் பழப் பலகாரத்தைத் தின்னுட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்னு இருந்தேன்.

ராஸ்கோ: என்ன இழவுக்குடா?

வெண்டல்: வசந்த காலத்துல உன் நெஞ்சுக் குழாய்ல அடைப்புன்னு கம்பிச் சுருள் வச்சாங்களாமே. வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னாராமே டாக்டர். நீ சொன்னியா என்கிட்ட? முதுகு வலிக்கு ஆஸ்பத்திரி போனேன்னு புளுகினே. நீ சும்மா இருக்க மாட்டே, கறின்னு ஒண்ணு கீழ விழுந்தா முதல் சுமை உன் தோள்லதான். மேவிஸ் என்கிட்ட வந்து அழுதாடா.

ராஸ்கோ: ஹ... ஹஹ்ஹா...

வெண்டல்: இப்ப ஏன் சிரிக்கறே? இது சிரிக்கற விஷயமா?

ராஸ்கோ: ஒரு ஜாண் கீழ... ஐயோ... ஒரு ஜாண் கீழ...

வெண்டல்: நெஞ்சைப் பிடிச்சுட்டுச் சிரிக்காதே, எனக்கு பயமா இருக்கு.

ராஸ்கோ: பெர்னீஸைக் கூப்பிடு. அந்தப் பாறை மேல ஏறினா சிக்னல் கிடைக்கும். இடுப்பு பத்திரம், மெதுவா ஏறு.

வெண்டல்: கழுதைக்கு நீ சரின்னுட்டியா!

ராஸ்கோ: ரெண்டு கழுதை ஏற்கெனவே இங்க இருக்கு, இன்னும் நாலு அனுப்பச் சொல்லு.

வெண்டல்: சொல்றேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல, ராஸ்கோ. அந்த ஆக்ஷன் எவ்வளவு பிரமாதமா இருந்தாலும், கீழ புல்லைப் பாத்துச் சுட்ட குண்டு தானா ஏறிப் போய் நெஞ்சுல எப்படி அடிக்கும்?

ராஸ்கோ: நேத்து மத்தியானம் நீ விறகு பொறுக்கப் போனியே... அப்ப மூடியைக் கழட்டி, உன் ஸ்கோப் திருகை நல்லாத் திருகி வச்சேன். நீ நெஞ்சைப் பாத்துச் சுட்டா குண்டு ரெண்டடி ஏறி, இது முதுகுல ஒரு மயிருகூடப் படாம மேல பறந்துடணும்னு... உன் இடுப்பை நினைச்சு லோர்னா என்கிட்டயும்தான்டா வந்து அழுதா.