கட்டாயத் தாள்

பந்தியில் யாரோடு உட்காருகிறோம் என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. திருநாவுக்கரசு நன்றாகச் சப்புக்கொட்டுவான். ஆனாலும் சிதம்பரத்தில் ஒன்றாக எம்.ஏ. படித்த காலத்திலிருந்து, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவனுக்குப் பக்கத்து இலை என்னுடையதுதான். இறால் அவனுக்கு ஆகாது. சாறு பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் முதலில் நான் வாயில் வைத்துப் பார்ப்பேன். நான் தலையாட்டினால் அவன் சாப்பிடுவான். அவன் மனைவி தமிழ்ச்செல்விகூட, "நீங்க கூட இருந்தா எனக்கு பயமில்லண்ணே" என்பாள்.

இன்ஸ்பெக்டர் சார், பாதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை. கல்யாணத்துக்குச் சமைத்த அஸ்மத்தை ஸ்டேஷனுக்கு அலையவிட வேண்டாம். அவர் சமையலில் ஒரு குறையும் இல்லை.

நாங்கள் இருவரும் பாடம் நடத்தும் தமிழ்த் துறையில் மூலபாடம் என்று ஒரு தாள் உண்டு. பழம்பாடலை உரையின் துணையில்லாமல் படித்துப் பொருள் எழுத வேண்டும். அதில் தேறாதவருக்கு எம்.ஏ. தமிழ்ப் பட்டம் கிடையாது. அதை நடத்துகிறவன் நான். திருநாவுக்கரசு பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவனானதும், விரும்பியவர் மட்டும் எடுத்தால் போதும் என்று அதை மாற்றப் புறப்பட்டான்.

"காட்டுமன்னார்கோயில்லேர்ந்து டவுன் பஸ்ல தொங்கிகிட்டு வந்து படிச்ச புள்ள மச்சான் அது. உன் தாள்ல மட்டும் அரியர். இப்ப ரைஸ் மில்லுல சாக்கு தைக்குது. பாட்டோட கருத்து போய்ச் சேந்தா பத்தாதா?"

நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் கருத்து மட்டும் போய்ச் சேர்ந்த விடைத்தாளை நீங்கள் திருத்தியதில்லை. கடலுக்குப் போனவன் வரவில்லையே என்று ஒரு பெண் கரையில் உருகும் பாட்டு. அதற்கு ஒரு மாணவி, 'தலைவி மிகவும் ஃபீல் பண்ணுகிறாள்' என்று எழுதியிருந்தாள். கடையில் விற்கும் நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறதாம். எனக்குக் குமட்டியது. சும்மா சொல்லவில்லை, எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். எவனோ மென்று துப்பியதை எடுத்துத் தின்று ஏப்பம் விடுவதற்குப் பெயர் படிப்பா? அன்றிலிருந்து விடைத்தாளைத் தொடவே கை கூசியது.

எழுதியவள் பரங்கிப்பேட்டை ஃபஹீமா. அவள் கல்யாணத்துக்குத்தான் நாங்கள் என் காரில் போனோம். அவள் அப்பா உபைதுல்லா துபாயிலிருந்து வந்து விமரிசையாக நடத்தினார். அந்த ஊரில் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்தே சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். நல்ல வழக்கம்தான், கூடச் சாப்பிடுகிறவன் சுத்தமானவனாக இருந்தால். எங்கள் இருவருக்கும் ஒரு சஹன் வைத்தார்கள்.

திருநாவுக்கரசு நெய்ச்சோற்றைப் பிசைந்தபடி பேச்சை எடுத்தான்.

"திங்கக்கெழம கூட்டத்துல முடிச்சிடுறேன். நீ ஒருத்தந்தான் எதுப்பு. நம்ம ஹெட்டு செந்தமிழ்செல்வன் சாரே ஒத்துக்கிட்டாரு. கோச்சுக்காத மச்சான்."

சொல்லிவிட்டு நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினான். விரலெல்லாம் நெய். அந்த விரலால் தள்ளியதை நான் தொடவில்லை. கத்திரிக்காய்ப் பச்சடியைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். காய்ந்த கூனி இறாலைப் பொடித்துப் போட்டிருந்தார்கள். புளிப்புக்கு நடுவே மெல்லியதாகத் தெரிந்தது. ருசியாகவே இருந்தது.

"எறா கிறா இல்லியே?"

"இல்ல. சாப்புடு."

வாய் தவறிவிட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். அவன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான்.

முகம் உப்பத் தொடங்கியதும் வாசலைக் கைகாட்டினான். அவசரத்துக்குப் போடும் ஊசி காரிலிருந்த அவன் பையில் இருந்தது. சாவி என்னிடம். எடுத்துவரப் போனேன். வழியில் உபைதுல்லா மறித்து, "என்ன சார், அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? சாப்பாடு புடிக்கலியா?" என்றார். வீட்டுக்காரர் கேட்கும்போது முகம் திருப்பிப் போவது மரியாதையில்லை. நின்று, நெய்ச்சோற்றைப் பாராட்டினேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்புறம் காருக்குப் போனேன். ஊசி போட்டபோது அவன் உதடு கறுத்திருந்தது. ஆம்புலன்ஸ் முட்லூர் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டான். அதுவரை என் கையை விடவில்லை. அந்தப் பிசுக்கு போகத்தான் ரொம்பத் தேய்க்க வேண்டியிருந்தது.

எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. அவன் நாற்காலியை நான் கேட்கவில்லை. பழம்பாட்டுக்கு வாய் கிடையாது. அதற்காக எழுந்து நிற்க ஒருவனாவது வேண்டும்.

தள்ளிவைத்த கூட்டம் போன வாரம் நடந்தது. செந்தமிழ்செல்வன் கண் கலங்க எழுந்தார்.

"அவரு கடைசியா ஆசப்பட்டது இது. மூலபாடம் இனிமே கட்டாயம் இல்லன்னு எல்லாரும் ஒருமனசா நிறைவேத்தணும். யாருக்காச்சும் மறுப்பு இருக்குங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்ப்பவன் நான் ஒருவன்தான் என்பது தெரிந்தவர்கள். அன்று அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான் என்பதும் தெரிந்தவர்கள். வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்று இருந்தது. ஆதரித்து முதலில் கை தூக்கியது நான்தான்.

தாள் போய்விட்டது. இருக்கட்டும். நீங்கள் எழுதும்போது மட்டும் தெளிவாக எழுதுங்கள், சார்: தமிழுக்காகத்தான் செய்தேன்.