கொதித்த பின்னும் உழைத்த நொதி

ஐந்து நிமிடம் என்னைப் புகழ்ந்து, அதில் நான்கு நிமிடம் என்னைத் தலைகுனிய வைத்த தலைவர் அவர்களே! ஆய்வுக்கூடத்தை ஆளும் ஆன்றோர்களே! பிள்ளைகள் படிப்பது புரியாமலே பெருமைப்படும் தாய்மார்களே! புதுச் செருப்பு காலைக் கடிக்க, முன்வரிசையில் பொறுத்திருக்கும் என் அம்மாவே! அனைவரையும் வணங்குகிறேன்.

கொழுப்பைக் கொத்திப் பிளக்கும் கொடுவாள் போன்ற நொதியைச் செய்தவள் என்று எனக்குப் பதக்கம் தந்தீர்கள். எட்டாண்டு காத்திருந்த நிரந்தர வேலைக்கும் ஆணை தந்தீர்கள். நான் செய்தது என்ன? நொதிக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தினேன். சம்பளம் கேட்காத அந்தத் தொழிலாளி சளைக்காமல் நொதியைச் செய்து தந்தது. கொழுப்பு உடைந்தால் கிளிசரின் வெளிவரும். அளந்தேன். வந்ததா? வெள்ளமாய் வந்தது!

இன்று காலை, நாங்கள் 'சந்தேகம்' என்று அழைக்கும் சக ஆய்வாளர் அக்கா கேட்டார்: "ஏம்மா, நொதியைக் கொதிக்க வச்சுக் கொன்னுட்டு ஒரு தடவை அளந்து பார்த்தியா?"

"செத்துப்போனது என்னக்கா வேலை செய்யப்போகுது?"

"அதைப் பார்த்துட்டு மேடை ஏறு."

கொதிக்க வைத்தோம். கொன்றோம். அளந்தோம். அவையோரே, செத்த நொதி ஏறக்குறைய அதே அளவுக்கு உழைத்தது! சிரியுங்கள், சிரியுங்கள், நான் காலையிலேயே அழுது முடித்துவிட்டேன்.

நொதி உறைபெட்டியில் கெடாமலிருக்க, அதில் பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்து வைத்தது யார்? நான்! கலந்த கிளிசரினையே அளந்துவிட்டு, கொழுப்பிலிருந்து கொட்டியது என்று ஊரெல்லாம் முழங்கியது யார்? அதுவும் நான்!

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன், ஐயா. கலந்த கிளிசரினை நீக்கிவிட்டு மறுபடி அளந்தோம். என் நொதி வேலை செய்கிறது. நான் சொன்ன அளவில் இருபதில் ஒரு பங்கு! கொதிக்க வைத்தால் ஒழுங்காக நின்றுவிடுகிறது. அந்த நிமிடம் எனக்கு வந்த மகிழ்ச்சி, பதக்கம் வாங்கியபோது வரவில்லை.

அம்மா ஏதோ சொல்கிறார். "வாய மூடிட்டு வாங்கினதோட இறங்குடி!" முடியாதும்மா. நான் சொன்ன அளவை நம்பி எத்தனை ஆய்வுக்கூடங்களில் எத்தனை பேர் தங்கள் ஆண்டுகளைத் தொலைப்பார்கள்? நம்பியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வேலை போனால் எனக்கு வலிக்கும். நன்றாகவே வலிக்கும்.

இதோ பதக்கம், இதோ பணி ஆணை, மேசையில் வைக்கிறேன். இருபதில் ஒரு பங்கு என்னுடையது, அதை எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பத்தொன்பதையும் உங்கள் முன்னால் திருப்பித் தருகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கேள்வி கேட்ட அக்காவுக்கும் நன்றி, வணக்கம்!